சிறுகதையை நுணுகி வாசிக்க மாணவரைப் பழக்குவது எப்படி?

பனிமலை (பொகவந்தலாவை):
வணக்கம். சாதாரண தர வகுப்புக்குச் சிறுகதை நயத்தல் படிப்பிக்கிறேன். எந்தக் கதையைக் கொடுத்தாலும் பாதிப் பக்கத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதுகிறார்கள். கடைசியில் "இக்கதை தோட்டத் தொழிலாளரின் துயரத்தைக் காட்டுகிறது" என்ற ஒரே வரி. 40 நிமிடப் பாடவேளை இரண்டு இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

ஊவாக்காற்று:
முழுக்கதையை வீட்டில் வாசித்து வரட்டும். வகுப்புக்கு ஒரு சின்னப் பந்தி போதும். அதைப் பலகையில் எழுதிவிட்டு, கருத்து எதுவும் கேட்காமல், முதல் பத்து நிமிடம் வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு நானே எழுதிய இரண்டு வரி:

"அவள் பிரட்டுக்களத்துக்கு வந்தபோது கணக்கப்பிள்ளை பேர்ப் புத்தகத்தை மூடிவிட்டார். அவள் கூடையை இறக்கவில்லை."

(பிரட்டுக்களம் என்றால் காலையில் தோட்டத் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்; பேர்ப் புத்தகம் என்றால் அன்று வேலைக்கு வந்தவர்களைப் பதியும் புத்தகம்.) ‘மூடினார்’ என்றிருந்தால் என்ன குறையும்? ‘மூடிவிட்டார்’ என்பதில் இனித் திறக்க மாட்டார் என்ற முடிவும் சேர்ந்து வருகிறது. அடுத்து, அவருக்கு மரியாதை விகுதி, அவளுக்கு வெறும் ‘அவள்’. இது கதைசொல்லியின் மதிப்பீடா, பிரட்டுக்களத்தின் அந்தஸ்து வரிசையா? இந்த இரண்டு வரியை வைத்து முடிவு கட்ட முடியாது. அவளுடைய மாமியாரை அதே கதைசொல்லி ‘வந்தார்’ என்று சொன்னால் விடை மாறும். ஆகவே மாணவர் கதைக்குள் திரும்பிப் போய்த் தேடியே ஆகவேண்டும். ‘இறக்கவில்லை’ இன்னும் முக்கியம். நடக்காத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும்? அவள் இறக்குவாள் என்று யாரோ எதிர்பார்த்திருக்கிறார்கள். அது பிடிவாதமா, வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையா? இரண்டையும் ஏற்கலாம், வேறொரு வரியைச் சான்றாகக் காட்டுபவருக்கே புள்ளி.

இரண்டாம் பாடவேளையில் மூன்றே வாக்கியத்தில் விடை எழுதட்டும்: கருத்து, மூன்று முதல் ஆறு சொல் மேற்கோள், விளக்கம். பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில்தான். மேற்கோளைப் போட்டுவிட்டு "இதிலிருந்து அவள் கவலை தெரிகிறது" என்று முதல் வாக்கியத்தையே மறுபடி சொல்வார்கள். மேற்கோளில் உள்ள ஒரு சொல்லையாவது எடுத்துப் பேசாத விளக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

லயத்துவாசல்:
இதோடு ஒன்று. நம் பிள்ளைகளுக்குப் பிரட்டு, பேர், கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) எதையும் விளக்கத் தேவையில்லை. அதுவே ஒரு பொறியும்கூட. கதை சொல்லாததை வீட்டு அனுபவத்தால் நிரப்பிவிட்டு, அது கதையில் இருப்பதாகவே எழுதுவார்கள். தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் ‘கதை சொன்னது’, மறுபக்கம் ‘எனக்குத் தெரிந்தது’ என்று பிரித்து எழுதச் செய்யுங்கள்.

வரலாற்றுக்கும் இதே விதிதான். மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, 150,000 பேரின் நிலை பிறகு பேசித் தீர்க்கப்படும் என்றானது. கதையில் பெட்டி கட்டும் காட்சியோ பிரிந்துபோகும் உறவோ இருந்தால் இது அந்த வரியைத் திறக்கும். இல்லாவிட்டால் விடைத்தாளில் வெறும் வரலாற்றுக் கட்டுரை.

பனிமலை:
மிக்க நன்றி. கதையில் குறை சொல்லத்தான் பயப்படுகிறார்கள். பாடநூலில் வந்த கதை பிழையாக இருக்காது என்கிறார்கள்.

ஊவாக்காற்று:
‘குறை’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். யார் யார் பேசுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை வரி உரையாடல் என்று எண்ணச் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றிய கதையில் அவள் ஒரு வார்த்தையும் பேசாமல், கங்காணியும் துரையுமே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளே கேட்பார்கள். உடனே கண்டனம் எழுதவும் விடாதீர்கள். அவளுடைய மௌனத்தைக் கதை வேண்டுமென்றே வைத்திருக்கவும் கூடும். அவள் செய்கைகளை எவ்வளவு உன்னிப்பாக விவரித்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

லயத்துவாசல்:
கடைசிப் பந்தியைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லியும் பாருங்கள். கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று தோன்றினால், மறைத்த பந்தி என்ன வேலை செய்கிறது என்பதே அடுத்த கேள்வி.