பழைய போர்டில் தங்கம் எடுத்த அனுபவம்

கோவையிலிருந்து:
எங்கள் பெரியப்பா நகைப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறைத் தூசியைக் கூட்டி, சாக்கடை மண்ணைக்கூட விடாமல் அரித்துத் தங்கம் எடுக்கும் தெரு அது. பழைய இரும்புக் கடையிலிருந்து கம்ப்யூட்டர் போர்டு மூட்டையாக வர ஆரம்பித்தபோது, அவருக்கு அதுவும் ஒரு வகைப் பட்டறைத் தூசி, அவ்வளவுதான். ரேம் விளிம்பில் இருக்கும், தங்க முலாம் பூசிய மஞ்சள் பற்களைக் கத்தரித்துப் பீங்கான் சட்டியில் போட்டு நைட்ரிக் திராவகத்தை ஊற்றுவார். செங்காவிப் புகை குபுகுபுவென்று எழும். செம்பு கரைந்து திராவகம் பச்சையாகும். தங்கம் ரேக்கு ரேக்காகப் பிரிந்து மிதக்கும். பார்க்க அவ்வளவு அழகு! மிச்சத் திராவகம் கொல்லைக்குப் போகும். அங்கே நின்ற முருங்கை பட்டுப்போனது. பெரியப்பாவுக்குக் கடைசி வரை இருமல் நிற்கவில்லை. திராவகத்தால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன், பீடியும் உண்டு.

சென்னையிலிருந்து:
நான் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் இதையே பாக்டீரியா வைத்துச் செய்து பார்த்தேன். க்ரோமோபாக்டீரியம் வயலேசியம் என்று பெயர், தட்டில் வளர்ந்தால் கத்தரிப்பூ நிறம். அது கொஞ்சமாகச் சயனைடு சுரக்கும், அதில் தங்கம் கரையும். மிஞ்சும் சயனைடை அதுவே உடைத்தும் விடும். கேட்க நன்றாக இருக்கிறதா? முதல் தடவை போர்டைப் பொடித்து அப்படியே போட்டேன். ஒரு வாரம் ஆகியும் தங்கம் அசையவே இல்லை. போர்டில் தங்கத்தைவிடச் செம்புதானே பல மடங்கு அதிகம், சயனைடை எல்லாம் அதுவே வாங்கிக்கொண்டது. அப்புறம் சுரங்கத்து அமிலத் தண்ணீரில் வாழும் அசிடிதயோபாசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை விட்டு முதலில் செம்பை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் தங்கம் கொஞ்சம் கரைந்து இறங்கியது. உங்கள் பெரியப்பா ஒரு மத்தியானத்தில் முடிப்பதற்கு எனக்கு மூன்று வாரம்.

கார்டிஃபிலிருந்து:
இங்கே பக்கத்தில் லான்ட்ரிசன்டில்தான் பிரிட்டனின் ராயல் மின்ட் நாணயச்சாலை. சில்லறைக் காசின் புழக்கம் குறையவே, 2024-இல் போர்டிலிருந்து தங்கம் எடுக்கும் ஆலையைத் திறந்துவிட்டார்கள். கனடாக்காரர்களின் ரசாயன முறை. உலை வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே தங்கம் கரைந்துவிடும். ஆண்டுக்கு 4,000 டன் போர்டு வரை தாங்குமாம். என் பழைய லேப்டாப் இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது.

கோவையிலிருந்து, மறுபடியும்:
சுவிட்சர்லாந்தின் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆட்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சீஸ் செய்தபின் மிஞ்சும் தண்ணீரில் உள்ள புரதத்தை ஸ்பாஞ்சு மாதிரி ஆக்கி, அதில் தங்கத்தை ஒட்டவைத்தார்கள். 20 மதர்போர்டுக்கு 450 மில்லிகிராம் உலோக உருண்டை கிடைத்தது. ஆனால் அவர்களும் உலோகத்தை முதலில் அமிலத்தில்தான் கரைக்கிறார்கள், அதை மறந்துவிடக்கூடாது. உருண்டையில் 91 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. கிட்டத்தட்ட நம் 22 கேரட். பெரியப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார், உரைகல்லை எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.