தக்காளியில் எந்தக் குணத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

கொத்துக்காய்:
எம்.எஸ்சி. ஆய்வில் நடந்தது. செடிக்கு எத்தனை காய், ஒரு காயின் சராசரி எடை என்ன, இந்த இரண்டும்தான் மகசூலைத் தூக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வரிசையில் கொத்துக் கொத்தாகக் காய், பாரம் தாங்காமல் கிளைகள் தரையில் கிடந்தன. பார்த்தவர்கள் எல்லாம் அதையே டிக் செய்தார்கள். பழத்தைப் பிழிந்து, சாற்றின் இனிப்பை பிரிக்ஸ் என்ற அளவில் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு மூன்றரையிலேயே நின்றுவிட்டது. பக்கத்துப் பாத்தியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு செடி. காய் சொற்பம், பழமும் சிறிசு. அதில் ஐந்தரை! மகசூல் போதாது என்று அதை விதைகூட எடுக்காமல் பிடுங்கிப் போட்டார்கள். இன்றைக்கும் உறுத்துகிறது.

கிணத்துமேடு:
தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் மண்டியில் இனிப்பை யார் கேட்கிறார்கள்? ஒட்டன்சத்திரத்துக்கு நாட்டு ரகம் கொண்டுபோயிருந்தேன். வியாபாரி ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் காம்புப் பக்கம் அழுத்தினார். "தோள்பட்டை பச்சையா இருக்கே, பழுக்கலையா?" என்று பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்த ஆப்பிள் தக்காளி மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு, கல் மாதிரி கெட்டி. அதற்குத்தான் விலை. அதே வியாபாரி தன் வீட்டு ரசத்துக்கு என் பெட்டியிலிருந்துதான் நாலு பழம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

விதைப்பெட்டி:
கிணத்துமேடு அண்ணே, அந்தப் பச்சைத் தோளில்தான் விஷயமே இருக்கிறது. பி.கே.எம்.1 ரகத்திலும் அது உண்டு. காயில் பச்சையம் அதிகம் இருந்தால் காயே கொஞ்சம் சர்க்கரை தயாரிக்கும். ஒரே சீராகப் பழுக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்ததில், காயில் பச்சையத்தைக் கூட்டும் மரபணு செயலிழந்து போனது. 2012-ல்தான் அது எந்த மரபணு என்று தெரியவந்தது. என் தோட்டத்திலும் இரண்டு வகையையும் அருகருகே வைத்திருந்தேன், வாயில் போட்டவுடனே வித்தியாசம் தெரிந்தது.

கொத்துக்காய், உங்களோடு எனக்கு ஒரு சண்டை. காய் எண்ணிக்கை கூடினால் இனிப்பு குறையும் என்பதைத் தலைவிதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து உயரமாக வளரும் பந்தல் ரகத்தில் இரண்டு கொத்துக்கு நடுவே மூன்று இலை இருக்கும், குட்டை ரகத்தில் அதைவிடக் குறைவு. காய் நிறைய, இலை கொஞ்சம் என்றால் சர்க்கரை எங்கிருந்து வரும்? ஆகவே இலையையும் எண்ண வேண்டும். இரண்டு குணங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று மட்டும் காட்டும் தொடர்புக் கெழுவை நம்பாமல், எந்தக் குணம் நேரடியாக மகசூலைத் தருகிறது, எது இன்னொன்றின் முதுகில் ஏறி வருகிறது என்று பாதைப் பகுப்பாய்வில் பிரித்துப் பாருங்கள். அப்புறம், பிடுங்கிப் போட்ட செடி மாதிரியானதைத்தான் கலப்புக்குப் பெற்றோராக வைக்க வேண்டும். இஸ்ரேலில் பென்னெல்லி என்ற காட்டுத் தக்காளியின் ஒரு சிறு துண்டு மரபுப்பொருளைச் சேர்த்தே மகசூல் குறையாமல் பிரிக்ஸை உயர்த்தினார்கள். பிரிக்ஸ் பார்ப்பதாக இருந்தால் ஒரே பழுத்த பக்குவத்தில் பல பழங்கள் எடுங்கள். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் பார்க்காதீர்கள், குறைத்துத்தான் காட்டும். விதை எடுப்பவர்கள் பெரிய பழத்தைத் தேடாமல் நல்ல செடியைத் தேடுங்கள். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் கலைந்துவிடும்.

சித்திரைவெயில்:
பாடம் நீளம், ஆனால் பூவைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. கோடையில் ஒரு வரிசை தளதளவென்று ஆள் உயரம் வளர்ந்து பூத்துக் குலுங்கியது, காய் மட்டும் பிடிக்கவில்லை. பூச்சி, சத்துக் குறைவு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து லென்ஸில் பார்த்தேன். மகரந்தத்தை வாங்கும் பெண் பாகத்தின் நுனியான சூல்முடி, அதைச் சுற்றி மகரந்தப் பைகள் சேர்ந்த கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகரந்தம் அதன் மேல் எப்படி விழும்? பக்கத்து வரிசையில் சூல்முடி கூம்புக்குள்ளேயே அடங்கியிருந்தது, அந்த வெயிலிலும் காய் பிடித்தது. உயரம், கிளை, காய் எடை என்று எங்கள் குறிப்பேட்டில் பத்தி பத்தியாக இருந்தது, சூல்முடிக்கு ஒரு பத்திகூட இல்லை. கோடைப் பயிருக்குத் தேர்வு செய்பவர்கள் முதலில் பூவைப் பிரித்துப் பாருங்கள்.

கொத்துக்காய்:
விதைப்பெட்டி, இலை எண்ணிக்கை எங்கள் தரவில் இருக்கிறது. பகுப்பாய்வு செய்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். கிணத்துமேடு அண்ணே, அந்த நாட்டு ரக விதை இன்னும் இருக்கிறதா?