ஃபேன் ஓடுகிறது, காற்று எங்கே? சுரங்கத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற வென்டிலேஷன் அலுவலர் (தலைப்பைத் தொடங்கியவர்)

சுரங்கத்தில் காற்றோட்டம் கெட்டது என்றாலே "ஃபேன் நின்றுவிட்டதா?" என்றுதான் கேட்பார்கள். ராணிகஞ்ச் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களில் நான் பார்த்தவரை, ஃபேன் நின்று வந்த தொல்லை குறைவு. நின்றால் உடனே தெரிந்துவிடும். கீழே மின்சாரத்தை வெட்டி ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் தெரியாமல் காற்று குறைவதுதான் வில்லங்கம்.

ஒரு டிஸ்ட்ரிக்டில் (தனிக் காற்றோட்டம் உள்ள பகுதி) காற்று போதவில்லை என்று சர்தார் (அந்தப் பகுதியின் மேற்பார்வையாளர்) தினமும் எழுதிக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் வீட்டில் வாட்டர் கேஜ் (ஃபேனின் அழுத்தத்தைக் காட்டும் கருவி) சற்று இறங்கியிருந்தது, ஃபேன் வழியாகப் போகும் காற்று கூடியிருந்தது. "காற்று கூடத்தானே செய்கிறது, அப்புறம் என்ன?" என்றார் ஒரு பொறியாளர். அழுத்தம் குறைந்து காற்று கூடினால் எங்கோ குறுக்குவழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு என்றால் வாட்டர் கேஜ் ஏறியிருக்கும், காற்று குறைந்திருக்கும்.

காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை எடுத்துக்கொண்டு, நல்ல காற்று உள்ளே வரும் இன்டேக் வழியே அளந்துகொண்டு போனோம். பாதி தூரம் போவதற்குள் பாதிக் காற்று காணோம். இன்டேக்குக்கும், பயன்பட்ட காற்று வெளியேறும் ரிட்டர்னுக்கும் நடுவே இருந்த செங்கல் ஸ்டாப்பிங்குகள் (தடுப்புச் சுவர்கள்) கூரை அழுத்தத்தில் விரிசல் விட்டிருந்தன. அதைவிட மோசம், ஜோடிக் கதவுகள். ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு வைப்பது. டப் (நிலக்கரி வண்டி) தள்ளுகிறவர்கள் இரண்டுக்கும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. டப் எண்ணிக்கைக்குத்தான் அவர்களிடம் கணக்குக் கேட்கிறார்கள், கதவுக்கு இல்லை.

மேலாளரின் யோசனை ஃபேன் பிளேடு கோணத்தைக் கூட்டுவது. அதே வழியில் இரண்டு மடங்கு காற்று போக நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும், எட்டு மடங்கு மின்திறன் வேண்டும். அழுத்தம் கூடினால் ஒழுகலும் சேர்ந்து கூடும். கடைசியில் சாந்து பூசி, தானாக மூடிக்கொள்ளும்படி கதவைச் சாய்த்து மாட்டினோம். ஃபேனைத் தொடவே இல்லை.

எலெக்ட்ரிகல் ஃபோர்மேன்

ஃபேனையும் லேசாக விட்டுவிடாதீர்கள் அண்ணே. நான் இருந்த இடத்தில் ஸ்டாண்ட்பை ஃபேன் இருந்தது, மோட்டாரும் நல்ல நிலை. ஆனால் இரண்டுக்கும் ஒரே ஃபீடர் லைன்! லைன் போனால் இரண்டும் போகும். இன்னொரு நாள் மெயின் ஃபேனில் பேரிங் சூடேறியதால் ஸ்டாண்ட்பையை ஓட்டினோம். கீழே காற்றே இல்லை என்று போன். நின்றுபோன ஃபேனின் அடைப்புக் கதவு துருப்பிடித்து மூடாமல் நின்றிருந்தது. ஓடுகிற ஃபேன் அந்த வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது, சுரங்கத்திலிருந்து இல்லை. மோட்டாரை மட்டும் சோதித்து 'ஸ்டாண்ட்பை சரி' என்று பதிவேட்டில் எழுதுவதை அன்றோடு நிறுத்தினோம்.

கோலார் பேரன்

தாத்தா கேஜிஎஃபில் (கோலார் தங்க வயல்) சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தவர், வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். அங்கே மீதேன் (நிலக்கரிச் சுரங்கத்தில் வரும் தீப்பிடிக்கும் வாயு) பேச்சே கிடையாது, வெக்கைதான். 3 கிலோமீட்டருக்கும் கீழே வேலை. பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்பார். நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது: காற்று கீழே இறங்க இறங்கத் தன் எடையாலேயே அமுங்கிச் சூடாகும், உலர்ந்த காற்றானால் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வரை. அவ்வளவு ஆழத்தில் வெறுமனே காற்றை அனுப்பினால் போதாது, குளிர்வித்தாக வேண்டும்.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம். ஆனாலும் தாத்தா பயந்தது கரண்டுக்கு இல்லை, ஏர் பிளாஸ்டுக்குத்தான். பாறை திடீரென்று வெடித்துச் சிதறினால் ஆளை அடிப்பது மட்டுமில்லை, காற்று வரும் வழியையும் மண்ணாக்கிவிடும். அப்புறம் கல்லை அள்ளுகிறவர்கள் அந்த வெக்கையிலேயே அள்ள வேண்டும். 2001-ல் சுரங்கம் மூடியபோதும் அவர் அதைப் பற்றித்தான் பேசினார்.

மெட்டல் மைன்காரன்

எங்களிடம் புதிதாகக் குடையும் ஹெடிங்கில்தான் (மறுபக்கம் திறக்காத வழி) பிரச்சினை. வெடி வைக்கும்போது கல் பறந்து டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் குழாய்) கிழியும். கிழியுமே என்று டக்டைப் பின்னால் இழுத்துக் கட்டுவார்கள், காற்று முனைவரை எட்டாது. துணை ஃபேனைத் தப்பான இடத்தில் வைத்தால் வெளியே போன டீசல் புகையையே திரும்ப உள்ளே தள்ளும். அங்கே வந்து சேரும் காற்றை அளக்காமலே பெரிய ஃபேன் மாட்டினாலும் இதே கதைதான்.

புதிதாகச் சேர்ந்த ஓவர்மேன்

சார், பேரோமீட்டரையும் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கும் காற்றோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஓய்வுபெற்ற வென்டிலேஷன் அலுவலர்

நல்ல கேள்வி தம்பி. நிலக்கரி எடுத்து முடித்த கோஃபில் வாயு தேங்கிக் கிடக்கும். வெளியே காற்றழுத்தம் இறங்கினால் அது விரிந்து ரிட்டர்னுக்குள் கசியும். ஃபேன், கதவு, ஸ்டாப்பிங் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் நேற்று போதுமானதாக இருந்த காற்று இன்று போதாது. வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் ஷிஃப்ட் தொடங்கும்போதே ரிட்டர்னில் மீதேன் பார்க்கச் சொல்வேன். அங்கே 0.75 சதவீதம்தான் வரம்பு. வேறு எங்கேயும் 1.25-ஐ எட்டினால் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். மூடிய கோஃபின் ஸ்டாப்பிங்கில் தண்ணீர் வடியும் குழாய் இருந்தால் அதன் வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார். வற்றிவிட்டால் வாயு அந்த வழியாகவே வந்துவிடும்.