டியூஷனுக்கு வரும் பிள்ளை உடம்பில் அடித்த தடம்: குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாமா?

மாலை வகுப்பு அக்கா (கடலூர் முதுநகர்):

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் துறைமுகத்திலும் மீன் வியாபாரத்திலும் இருப்பவர்களின் பிள்ளைகள். அதில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறார். இவளும் தம்பியும் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து பிள்ளை மாறிவிட்டாள். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள், இப்போது சுவர் ஓரமாக உட்காருகிறாள். அலமாரி மேலிருந்து சாக்பீஸ் எடுக்க நான் கையைத் தூக்கினால் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்கிறாள். பிஸ்கட் கொடுத்தால் ஒன்றைத் தின்றுவிட்டு மீதியைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொள்கிறாள். தம்பிக்காம். போன வாரம் தொடையின் பின்பக்கம் சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் வளைந்திருந்தது. காதுக்குப் பின்னாலும் நீலம் பாய்ந்திருந்தது. கேட்டதற்கு "படியில விழுந்துட்டேன்" என்றாள். அவர்கள் இருப்பது படியே இல்லாத ஓட்டு வீடு. அப்புறம் ஒரு நாள் நான் எதுவும் கேட்காமலே, "அக்கா, இன்னிக்கு நைட்டு உங்க வீட்லயே படுத்துக்கவா?" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பெரியம்மா என்னிடம் நன்றாகப் பேசுகிறவர். என்னிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை. "ஊர் வம்பு நமக்கு எதுக்கு" என்கிறார் என் அம்மா. 1098-க்குச் சொன்னால் என் பெயர் வெளியே வருமா? பிள்ளைகளை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்களா? முக்கியமாக, சொன்னதற்காக அவளுக்கு இன்னும் இரண்டு அடி சேர்த்து விழுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் தகப்பன்:

சகோதரி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். நாங்கள் எல்லாம் புளிய விளாறில் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான். பெரியம்மா தன் பிள்ளைகளோடு இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கிறார், ஏதோ கோபத்தில் அடித்திருக்கலாம். போலீஸ், அதிகாரி என்று வீட்டு வாசலுக்கு வந்தால் அந்தக் குடும்பம் தெருவில் தலை நிமிர முடியாது. அப்புறம் அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்று பெரியம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வது? முதலில் அவரிடமே பக்குவமாகப் பேசிப் பார்க்கலாமே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை (பண்ருட்டி):

அம்மாடி, இன்றே சொல்லுங்கள். நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணிக்காலம் முழுவதும் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். நீங்கள் எழுதியதில் எனக்கு உறைத்தது கோடுகள் மட்டும் இல்லை. கையைத் தூக்கினால் தலையை மூடுவது, பிஸ்கட்டை மடியில் ஒளிப்பது, இல்லாத படியில் விழுந்ததாகச் சொல்வது, ராத்திரி வீட்டுக்குப் போகப் பயப்படுவது, இத்தனையும் ஒரே பிள்ளையிடம், ஒரே காலத்தில் தொடங்கியிருக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். சேர்ந்து வரும்போது பெரியவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

ஆதாரம் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். ஆதாரம் தேடுவது உங்கள் வேலையே இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். சந்தேகம் சரியா தப்பா என்று பார்ப்பதற்குத்தான் பயிற்சி பெற்றவர்களை அரசு வைத்திருக்கிறது. நீங்கள் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, "இந்தப் பிள்ளையை யாராவது வந்து பாருங்கள்" என்று கூப்பிடுகிறீர்கள்.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அந்தக் குடும்பத்தை நினைத்துத்தான் சொல்கிறீர்கள். ஆனால் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று பெற்றவர்களே வந்து சொன்ன காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அந்தப் பேச்சை நம்பி அடித்த வகுப்புகளில் பிள்ளைகள் படித்ததை நான் பார்த்ததில்லை, பள்ளிக்கு வராமல் நின்றதைத்தான் பார்த்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பள்ளியில் பிள்ளையை அடிக்கவோ மனதளவில் துன்புறுத்தவோ கூடாது என்பது சட்டமாகிவிட்டது. வீட்டிலும் பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே வதைத்தாலோ கவனிக்காமல் விட்டாலோ 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெரியம்மாவை ஜெயிலில் தள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இது "வீட்டு விஷயம்" இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவரிடம் நேரே பேசுவது மட்டும் கூடவே கூடாது. நீங்கள் பயப்படும் அந்த இரண்டு அடி அங்கிருந்துதான் வரும். "டீச்சர்கிட்ட என்னடி சொன்னே" என்று அன்றைக்கே கேள்வி ஆரம்பித்துவிடும், டியூஷனும் நின்றுவிடும். அவளுக்கு இருக்கிற ஒரே திண்ணையும் போய்விடும்.

பட்டினியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்லவர்களே தப்பாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அழுக்குச் சட்டை, எண்ணெய் காணாத தலை, கிழிந்த பை, இவையெல்லாம் வறுமை. வறுமை குற்றம் இல்லை. வீட்டில் இருப்பது கஞ்சியானாலும் எல்லாரும் பகிர்ந்து குடித்தால் அது கஷ்டப்படுகிற வீடு, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளுக்குச் சோறு இருந்து, இந்த இரண்டு பேருக்கு மட்டும் இல்லை என்றால் அது புறக்கணிப்பு. காயம் சீழ் வைத்தும் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக்கூடக் கூட்டிப்போகாமல் இருப்பதும் அப்படித்தான். பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருக்கிறதல்லவா, திங்கட்கிழமை காலையில் எந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்று சமைக்கிற அம்மாவைக் கேட்டால் தெரியும். சனி ஞாயிறு வீட்டில் எப்படிக் கழிந்தது என்பது அந்தத் தட்டில் தெரிந்துவிடும்.

பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். "பெரியம்மா அடிச்சாங்களா?" என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அவளாகச் சொன்னால் முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. அவள் சொன்ன வார்த்தையை அவள் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வையுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது பெரும் பாவம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம்.

ராத்திரி உங்கள் வீட்டில் தங்கக் கேட்டாள் என்றீர்களே. அதற்கு அடி மட்டுமே காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். நீங்கள் தோண்ட வேண்டாம், ஆனால் போனில் பேசும்போது அந்த வரியை விட்டுவிடாமல் சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பதாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ 2012 போக்சோ சட்டப்படி அதைச் சொல்வது ஒவ்வொருவரின் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குத் தொடரவும் முடியாது. ஆண் பிள்ளைக்கும் அதே சட்டம்தான், தம்பியையும் மறந்துவிடாதீர்கள்.

குழந்தைகள் வார்டு செவிலி (புதுச்சேரி):

டீச்சர் சொன்னதோடு காயங்களைப் பற்றிக் கொஞ்சம். ஓடி விளையாடி விழுகிற பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, முன்காலெலும்பு, நெற்றி ஆகிய இடங்களில்தான் அடிபடும். காது, கழுத்து, முதுகு, வயிறு, பிட்டம், தொடையின் பின்புறம், உள்புறம் எல்லாம் விழுந்து அடிபடும் இடங்கள் இல்லை. காதில் நீலம் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. கோட்டின் முனையில் வளைவு இருந்தது என்கிறீர்கள். மடித்த வயராலோ கயிறாலோ அடித்தால் கொண்டை ஊசி மாதிரி இரண்டு கோடும் ஒரு வளைவும் தோலில் பதியும். சூடான நீரில் காலை வைத்து அழுத்தியிருந்தால் வெந்த இடம் ஒரே மட்டத்தில் நின்றிருக்கும். தானாகக் கொட்டிய வெந்நீர் தெறித்து, வழிந்து, தாறுமாறாக இருக்கும்.

ஆனால் பார்த்ததும் முடிவு கட்டவும் கூடாது. பச்சைக் குழந்தைகளுக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும், அதை அடி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ரத்தம் உறையாத நோய் இருந்தால் லேசாக இடித்தாலே கன்றிப்போகும். சில தோல் புண்கள் சிகரெட் சூடு போலவே இருக்கும். கன்றிய நிறத்தை வைத்து "இது மூன்று நாள் முன்பு பட்ட அடி" என்று சொல்வதும் நம்பத்தகுந்தது இல்லை. மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் எந்த மருத்துவமனையும் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா, கடிதம் கொண்டுவா என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், கூடப் பிள்ளை நம்பும் ஒருவர் இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிட்டுக் கூட்டி வராதீர்கள். அழுக்காக இருந்தாலும் அப்படியே வாருங்கள்.

மாலை வகுப்பு அக்கா:

நன்றி டீச்சர், நன்றி சிஸ்டர். போன் செய்த பிறகு என்னதான் நடக்கும்? அது தெரியாததால்தான் கை நடுங்குகிறது.

குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஊழியர் (வேறு மாவட்டம்):

அந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன் அக்கா. 1098 இலவசம், 24 மணி நேரமும் உண்டு. 2023-இலிருந்து மாநில அரசுகள் மூலமாக நடக்கிறது, அவசர எண் 112-உடனும் இணைத்திருக்கிறார்கள். பிள்ளையின் வயது, இருக்கும் இடம், பள்ளி, நீங்கள் கண்ணால் பார்த்தது, இந்த நிமிடம் ஆபத்து இருக்கிறதா, இவற்றைத்தான் கேட்பார்கள். பெயர் சொல்ல விருப்பம் இல்லை என்று சொல்லலாம். சொன்னாலும் அதை அந்த வீட்டில் போய்ச் சொல்ல மாட்டோம். கண் முன்னால் அடி நடக்கிறது என்றால் 112-ஐக் கூப்பிடுங்கள்.

நாங்கள் பெரும்பாலும் முதலில் பிள்ளையைப் பள்ளியில் வைத்துப் பார்ப்போம், வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்துவதில்லை. பாதுகாப்பு தேவை என்று தெரிந்தால் விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது, குறைந்தது ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்து வந்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குடும்பம், அக்கம்பக்கம், பள்ளி எல்லாம் விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும், குழு 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும்.

ஹோம் என்பது கடைசி வழி. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் பிள்ளை விஷயத்தில் முதலில் தேடப்போவது திருப்பூரில் இருக்கும் அம்மாவைத்தான். அவருக்கு இது எதுவுமே தெரியாமல் இருக்கலாம். பாட்டி, மாமா என்று பிள்ளை நம்புகிற சொந்தம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கணவரை இழந்து தனியாக வளர்க்கும் தாய்க்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழி உண்டு. அதனாலேயே ஒரு தாய் பிள்ளையைப் பிரிந்து போகாமல் இருக்க முடியும். இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை, தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

மாலை வகுப்பு அக்கா:

அன்றைக்கு ராத்திரியே போன் செய்துவிட்டேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார், நான் அழுதபோது காத்திருந்தார். மறுநாள் பள்ளிக்கு இரண்டு பேர் வந்தார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொல்லித் தெரியும். அம்மா திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். பிள்ளைகள் இப்போதைக்கு பாட்டி வீட்டில் இருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. அதற்கு மேல் எனக்கும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்பதும் புரிகிறது. பெரியம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவராகவே யூகித்திருப்பார். என் அம்மாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் நேற்றுப் பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல" என்றுதான் கேட்டார்.

நெல்லிக்குப்பம் தகப்பன்:

டீச்சர் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். வறுமை, புறக்கணிப்பு வித்தியாசம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரியம்மாவிடமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன பாடு பட்டாரோ. அதையும் விட்டுவிடக் கூடாது.

பாகூர்க்காரர்:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் முள்ளோடை தாண்டினால் கடலூர் வந்துவிடும். வீடு புதுச்சேரியில், பிள்ளை படிப்பது கடலூரில். இப்படி இருந்தால் எந்தப் பக்கம் சொல்வது?

குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஊழியர் (வேறு மாவட்டம்):

எல்லையைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம் ஐயா. 1098 இரண்டு பக்கமும் ஒன்றுதான், பிள்ளை இப்போது இருக்கும் இடத்தைச் சொன்னால் அந்தப் பக்கத்துக் குழுவுக்கு அவர்கள் அனுப்புவார்கள். காவல் நிலையத்துக்குப் போனாலும் "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது, புகாரைப் பதிந்துகொண்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். முழு முகவரி தெரியாவிட்டால் பள்ளியின் பெயர், வகுப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ சொன்னால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.