புதுப்பிப்பு: "தெரியும்மா" மகனும் மெலடோனினும்

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: எதைச் சொன்னாலும் "தெரியும்மா" என்று முடித்துவிடும் 15 வயது மகனை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன். "வாதாடாதே, அவனையே விளக்கச் சொல்" என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

சொன்னேன். இப்போது நிறுத்த வழி தேடுகிறேன்.

காலையில் எழுப்பப் போனால் போர்வைக்குள்ளிருந்தே பாடம். பதின்வயதில், தூக்கம் வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்குமாம். அதனால் தூக்கமும் தள்ளிப்போகுமாம். எழுப்புவது அறிவியல் விரோதமாம். எரிச்சல் என்னவென்றால், முதல் இரண்டும் உண்மை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் நள்ளிரவு வரை முகத்துக்கு நேரே பிடிக்கும் போன் வெளிச்சமும் அதே மெலடோனினைத் தள்ளிப்போடும் என்கிற பகுதி மட்டும் ஐயாவுக்குத் தெரியாது.

நானும் விடவில்லை. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி 20-களின் நடுப்பகுதி வரை முழுதாக முதிராது என்றேன். பதில் உடனே வந்தது: "அப்போ நான் செய்யறதுக்கெல்லாம் என்னைத் திட்டக் கூடாது இல்ல?"

அவன் அப்பா சிரித்தார். அவருக்குத் தனியாக இருக்கிறது.

ஆனாலும் ஒற்றைச் சொல் போய்ப் பேச்சாவது வந்திருக்கிறது. இரவில் போன் ஹாலில்தான் என்று முடிவாகிவிட்டது. அதற்கு எதிராக ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறான், என் போனில்.