பழைய எக்ஸ்பி, விண்டோஸ் 7ல சாஃப்ட்வேர் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

கும்பகோணத்துலேர்ந்து:

நான் சர்வீஸுக்குப் போற ஒரு அச்சகத்துல இன்னும் எக்ஸ்பியும் பேஜ்மேக்கர் 7ங்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரும்தான். வருஷக்கணக்கா சேத்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, காரியப் பத்திரிகை ஃபைல் அத்தனையும் அதுக்குள்ள இருக்கு, எல்லாமே யூனிகோடுக்கு (இப்ப எல்லா சிஸ்டத்துலயும் பொதுவா இருக்குற எழுத்து முறை) முந்தின ஃபான்ட், வேற சிஸ்டத்துல தொறந்தா வரியெல்லாம் நகந்துடும், அதான் மாத்தல. ஆவணி முகூர்த்தம் நெருங்குற நேரம் போன் வருது, தமிழ் அடிச்சா பாதி கேள்விக்குறியா விழுது, உடனே வாங்கண்ணேன்னு.

நான் போறதுக்குள்ள யாரோ ஃபார்மட் அடிச்சுடலாம்னு சொல்லிட்டாங்க. தயவுசெஞ்சு இந்த மாதிரி சிஸ்டத்துல அதுல கைய வைக்காதீங்க. சிடி கீறல் விழுந்து கெடக்கும், சீரியல் நம்பர் எழுதின சீட்டு எங்கன்னு தெரியாது, அந்த ஃபான்ட் திரும்பக் கெடைக்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது, அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுறதே அந்த ஹார்டு டிஸ்க்தான்.

முதல்ல எஃப்8 அழுத்தி சேஃப் மோட்ல, அதாவது அவசியமானது மட்டும் ஓடுற மாதிரி ஏத்துனேன், நோட்பேட்ல அந்த ஃபான்ட்ட வச்சு அடிச்சா சுத்தமா விழுது. அப்ப ஃபான்ட்டும் கெடல, விண்டோஸும் கெடல, சாதாரணமா ஏறுறப்ப கூட ஓடுற ஏதோ ஒண்ணுதான் காரணம். ரன்ல எம்எஸ்கான்ஃபிக் போட்டு, சிஸ்டத்தோட தானா ஏறுற சாஃப்ட்வேர் பட்டியலான ஸ்டார்ட்அப்ல இருந்த டிக் எல்லாத்தையும் எடுத்துட்டு, பாதி பாதியா திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கிட்டே வந்தா ரெண்டு தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் மாட்டுச்சு. பழசு ஒண்ணு, வாட்ஸ்அப்ல வர்ற மேட்டருக்காகப் பையன் புதுசா போட்ட யூனிகோட் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே ஆல்ட் ஷார்ட்கட், ஒண்ண எழுப்புனா ரெண்டும் எழுந்திருக்கு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, அதான் கேள்விக்குறி. புதுசோட ஷார்ட்கட்ட மாத்தி, தானா ஏறாம பண்ணி, வாட்ஸ்அப் மேட்டர கன்வர்ட்டர்ல பழைய எழுத்துக்கு மாத்தி ஒட்டச் சொல்லிட்டேன், அன்னிக்கே பத்திரிகை அச்சு ப்ளேட்டுக்குப் போயிடுச்சு.

அப்பறம் நெட் கேபிள பிடுங்கிட்டேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட அப்டேட் நின்னுடுச்சு, குரோம் 49ஓடயும் ஃபயர்பாக்ஸ் 52ஓடயும் கைவிட்டுட்டாங்க, அதுல நெட் வேணவே வேணாம்.

பாபநாசத்துலேர்ந்து:

எங்க உரக்கடைல விண்டோஸ் 7. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் பில் போடுற சாஃப்ட்வேர் தொறக்காது, சம்பா நடவு நேரம், ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க. பாத்தா ரெண்டு ஆன்டிவைரஸ், ஒரு ஃபைல தொறந்தா ரெண்டும் அதையே பிடிச்சு ஸ்கேன் பண்ணுது. ஒண்ண எடுக்கலாம்னா வழக்கமான வழில போகல, சேஃப் மோட்லயும் போகல, அங்க விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸே ஓடாதாம். ஆன்டிவைரஸ் கம்பெனிங்களே தனியா ரிமூவல் டூல் குடுக்குறாங்க, அத வேற சிஸ்டத்துல இறக்கி பென்டிரைவ்ல கொண்டாந்து ஓட்டுனப்பறம்தான் முழுசா போச்சு, இப்ப வேகம் பரவால்ல.

மன்னார்குடிலேர்ந்து:

எனக்கும் ஆன்டிவைரஸ்தான்னு நெனச்சு நாள் பூரா தேடுனேங்க, எந்த சைட்டப் போட்டாலும் சர்டிஃபிகேட் எரர். கடைசில பாத்தா கீழ வலது மூலைல தேதி 2002ன்னு இருக்கு. தேதி தப்பா இருந்தா சைட்டோட சர்டிஃபிகேட்ட சிஸ்டம் ஏத்துக்காது. மதர்போர்டுல தேதிய காப்பாத்துற சிஆர் 2032 பேட்டரி செத்துருக்கு, வாட்ச் கடைலயே கெடைக்கும். எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி அந்தத் தேதிய ஒரு தடவ பாத்துடுங்க.