ஃபிரேசர் ஆற்றுச் சாக்கை: உறுத்திய ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

கரைமீன்:
ஆகஸ்ட். கனடாவில், சில்லிவாக் ஊரை ஒட்டிய ஃபிரேசர் ஆற்றுக் கூழாங்கல் திட்டு. சாக்கை (sockeye) என்ற சால்மன் மீனுக்குத் தூண்டில் போட அனுமதி திறந்துவிட்ட மூன்றாம் நாள். கரையேறிய ஒரு மீனின் வாய்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொக்கி தாடையின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிக் குத்தியிருந்தது. இரையைக் கவ்விய மீனென்றால் உள்ளிருந்துதானே வெளியே வரும்? அடுத்து வந்த நாலிலும் அதே. மூன்று அவுன்ஸ் ஈயம், பன்னிரண்டு அடி லீடர் (ஈயத்துக்கும் கொக்கிக்கும் இடையிலான தங்கூசி நரம்பு), முனையில் ஒரு சிட்டிகைக் கம்பளி நூல். மூச்சுக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டே எதிர்நீச்சல் போடும் மீனின் வாய்க்குள் தங்கூசி குறுக்கே புகுந்து, கொக்கி தாடையில் சிக்கும்வரை வழுக்கிக்கொண்டு போகிறது. கம்பளி வெறும் ஒப்புக்கு. அப்புறம் எதற்கு அதன் நிறத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறார்கள்?

ஈயக்கட்டி:
இது தெரியாதவர் யார்? வாயில் மாட்டினால் சட்டப்படி சரி. முதுகிலோ வயிற்றிலோ மாட்டினால்தான் விட்டாக வேண்டும். ஆறேறியதும் சாக்கை இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது, கலங்கல் தண்ணீரில் வேறு எப்படிப் பிடிபடும்? உறுத்த வேண்டியது வேறு. அதே பன்னிரண்டு அடி, வைத்துக்கொள்ளக் கூடாத சினூக் சால்மனின் வாயிலும் புகும். பெரிய மீன், நீரோட்டத்தோடு ஓடும், கரைக்கு வருவதற்குள் துவண்டுவிடும். லீடரை மூன்று நாலு அடியாகக் குறைத்தால் இது பெருமளவு தவிரும், சாக்கையும் குறையும். அதனால்தான் ஒருவரும் குறைப்பதில்லை. பிங்க் சால்மன் வரும் ஒற்றைப்படை ஆண்டுகளில், 'வேறு வழியில்லை' என்ற அந்த நொண்டிச்சாக்கும் கிடையாது. தேங்கிய தண்ணீரில் அரை அவுன்ஸ் ரோஸ் நிற ஜிக் (ஈயத்தலை வைத்த கொக்கி) போட்டு ரீலை மெதுவாகச் சுற்றினால் பிங்க் தானாகவே கடிக்கும்.

பனங்கிழங்கு:
அண்ணை, லீடர் பிறகு. மீன் வந்திருக்கோ எண்டு பாக்கவே கனபேருக்குத் தெரியேல்லை. எத்தனை மீன் வரும் எண்டு சீசனுக்கு முன்னம் சொல்லுற முன்கணிப்பில வாற ஒரேயொரு எண்ணை நம்பி லீவு போடாதேங்கோ. அது நடு எண். அதுக்கு மேல போக அரைவாசி வாய்ப்பு, கீழ போகவும் அரைவாசி. 2009இல 10 மில்லியனுக்கு மேல எண்டு சொன்னவை, வந்தது ஒண்டரை மில்லியன் அளவு. ஏன் குறைஞ்சது எண்டு விசாரிச்ச கோயன் ஆணைக்குழுவே அதாலதான் வந்தது. அடுத்த வருஷமே 30 மில்லியனுக்குக் கிட்ட! ஃபிரேசர் வழியாப் போற ஆடம்ஸ் ஆத்துச் சாக்கை நாலு வருஷத்துக்கு ஒருக்காத்தான் பெருகும்: 2010, 2014, 2018, 2022.

முன்கணிப்பை விட்டுட்டு ஜூலையில இருந்து சோதனை வலைப் பிடியையும், ஆத்தில கீழ இருக்கிற மிஷன் ஊரில ஒலியால எண்ணுற கணக்கையும் பாருங்கோ. வழக்கமாச் செவ்வாயும் வெள்ளியும், மீன்பிடியை நிர்வகிக்கிற ஃபிரேசர் குழு கூடி மதிப்பைத் திருத்தும். மிஷனைத் தாண்டின மீன் ஓரிரு நாளில சில்லிவாக் பக்கம் வந்திடும். எண்ணிக்கை ஏறினதுக்கு அடுத்த நாள் போங்கோ, மற்றவை போட்ட படம் பாத்திட்டு அடுத்த கிழமை போனா வெறும் கல்லுத்தான்.

மீன் குவிஞ்சாலும் திறக்காமல் விடுவினம், அதுக்கும் கோவிக்காதேங்கோ. கல்டஸ் ஏரிச் சாக்கை மாதிரி நலிஞ்ச கூட்டம் அதுக்குள்ள கலந்து வரும். பழங்குடி மக்களின்ர உணவுக்கும் சடங்குக்கும் பிறகுதான் எங்கட தூண்டில். தண்ணிச் சூடும் ஒரு காரணம்: 18 பாகைக்கு மேல போனா மீனின்ர நீந்துற வலு குறையும், 20ஐத் தாண்டினா வழியிலயே சாகத் தொடங்கும்.

கரைமீன்:
நான் கேட்டது கொக்கியைப் பற்றி. பரவாயில்லை. அன்றைக்குத் தண்ணீர் 19. அப்படியானால் ஈயக்கட்டி சொன்ன சினூக்கை விட்டால் பிழைக்குமா?

ஈயக்கட்டி:
முழங்கால் ஆழத்திலேயே நிறுத்தி, தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்காமல், குறடால் கொக்கியைத் திருப்பி எடுத்தால் பிழைக்க வழியுண்டு. எதிர்முள் நசுக்கிய கொக்கி என்றால் இரண்டு நொடி வேலை. கல்லில் புரட்டிப் படம் எடுத்த மீனென்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.